தட்டு காலியான நேரம்

ஏப்ரல் 8

தண்ணீர் கேன் இன்றும் வரவில்லை. மின்னஞ்சல் வந்தது.

எங்கள் ஐஸ் இயந்திரத்தின் இறுதி மதிப்பீடு ஏப்ரல் பதினைந்தில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும் என்று டெல்லியில் துறை முடிவு செய்திருக்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் என்பதால் இந்தத் தேர்வாம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் இதே நாட்கள்தான் என்பது டெல்லிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விசைப்படகு கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் கம்பெனிக்கு வேலை கிடையாது. முதலாளி பூட்டிவிட்டுக் கொடைக்கானல் போய்விடுவார். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆக, மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் மீனைக் காப்பாற்ற ஐஸ் கிடைக்காத காலமும் ஒன்றேதான். இயந்திரத்தை இந்த ஓடைவலசையில் நிறுவ வேண்டும் என்று ஐந்து வருடம் முன்பு நான் எழுதிய திட்ட அறிக்கையின் முதல் பத்தி இது. அந்தப் பத்தியை எல்லோரும் பாராட்டினார்கள்.

இயந்திரம் பார்க்க ஒன்றுமில்லை. கூரை அளவுக்குக் கண்ணாடி மூடிய கறுப்புப் பெட்டிகள். உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரியும் மெத்தனாலும். பகல் வெயில் மெத்தனாலைக் கரியிலிருந்து விரட்டும். இரவு குளிர்ந்த கரி அதைத் திரும்ப உறிஞ்சும். உறிஞ்சும்போது அடியில் தட்டுகளில் உள்ள தண்ணீர் உறைந்துபோகும். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். விடியும்போது ஐஸ் இருக்கும். இது அரசுப் பணத்தில் செய்த இயந்திரம், இருந்தும் வேலை செய்கிறது. இதை நான் யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை.

மதிப்பீட்டில் தேறினால் இயந்திரம் இங்கேயே தங்கும். கரையோரம் இன்னும் பத்து ஊர்களுக்கு இதே போல் வரும். தேறாவிட்டால் கழற்றி எடுத்துப் போக வேண்டும். என் ஒப்பந்தம் ஜூனில் முடிவது தற்செயல்.

ஏப்ரல் 11

கேன் வந்தது. தண்ணீரில் பாசி வாடை.

பின்னால் எப்போதாவது குழப்பம் வந்தால் உதவும் என்பதால் ஒன்றைக் குறித்துவைக்கிறேன். போன வருடம் தணிக்கைக்கு ஒருவர் வந்தார். வெயில் என்பதால் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார். இவ்வளவு ஐஸ் உற்பத்தி ஆகியிருக்கிறதே, அதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். உருகிவிட்டது என்றேன். ஆதாரம் கேட்டார்.

அதிலிருந்து கடிதப் போக்குவரத்து. மானியத்தில் உண்டான பொருள் அரசின் சொத்து. சொத்தை அகற்ற டெண்டர் விட வேண்டும். டெண்டர் திறக்கும் நாளன்று சொத்து கைவசம் இருக்க வேண்டும். கழிவு என்று வகைப்படுத்தலாமா என்று கேட்டேன். கழிவு என்றால் வேறொரு வாரியத்தின் அனுமதி தேவை என்றார்கள். ஊர்ப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாமே என்று ஜெசிந்தா ஒரு கடிதம் தயாரித்தாள். ஜெசிந்தா என் ஆய்வு மாணவி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். முனைவர் பட்டத்துக்கு இந்த இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறாள். அவள் கடிதத்துக்கு வந்த பதிலில் ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது: "பயனாளிகள் பயனடைவது இத்திட்டத்தின் தற்போதைய கட்டத்தில் நோக்கமல்ல."

கடைசியில் துறையே ஒரு வழி கண்டுபிடித்தது. மதிப்பீட்டுக் காலத்தில் தினமும் காலையில் ஐஸை எடைபோட்டு, நிழலில் வைத்து, இரண்டு ஊழியர்கள் முன்னிலையில் உருகவிட்டுச் சான்று எழுத வேண்டும். பெயர் உருகல் சான்று. அளவிட்டவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம், சரிபார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். ஐஸ் என்று எழுதக் கூடாது, பனிக்கட்டி.

அளவிடுபவர் ஜெசிந்தா. சரிபார்ப்பவர் நான்.

ஏப்ரல் 15

முதல் நாள். கிட்டத்தட்ட நூறு கிலோ. தட்டுகளைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

வேலிக்கு வெளியே வழக்கம்போல் ஐஸ் கேட்டுப் பெண்கள் கூடைகளோடும் தெர்மாகோல் பெட்டிகளோடும் நின்றார்கள். முன்னால் ராக்கு. இவள் வீட்டுக்காரர் வள்ளத்தில் போய்ப் பிடித்து வருவதை ராமநாதபுரம் கொண்டுபோய் விற்கிறவள். நாங்கள் இருவரும் ஐஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னா சார், ஐசுக்குக் காவலா?"

மதிப்பீடு நடக்கிறது, ஜூன் வரை யாரும் தொடக் கூடாது என்று விளக்கினேன்.

"நாங்க தொடல. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா உருகாம இருக்குமாக்கும்?"

"உருகணும்மா. அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

அவள் என்னை விட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள். "சாருக்கு வெயிலு ஒத்துக்கல தாயி. நீயாச்சும் நெழல்ல உக்காரு."

பிற்பகல் வரை ஆயிற்று. உருகிய தண்ணீர் வாய்க்கால் வழியே வேலிக்கு வெளியே போனது. ஓர் ஆடு வந்து குடித்தது. ஆடு பயனாளியில் சேருமா என்று ஜெசிந்தா கேட்டாள். கேலியா, சந்தேகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகம் அப்படி.

ஏப்ரல் 16

உருகியது. கையெழுத்திட்டோம்.

ஏப்ரல் 17

உருகியது.

ஏப்ரல் 19

ஓடைவலசையில் பேருந்துக்குக் காத்திருப்பதே பாதி நாள். இன்று பேருந்து வரவில்லை. ராக்கு முற்பகலில் திரும்பி வந்து, கூடையிலிருந்த மீனையெல்லாம் எங்கள் வேலி ஓரமாகவே கொட்டிவிட்டுப் போனாள். நகரை, ஊளி, கொஞ்சம் சீலா. கருவாட்டுக்குக்கூட ஆகாத அளவுக்குக் குழைந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊரில் பேசாமல் போவது பெரிய ஏச்சு.

உள்ளே கொட்டகையில் அறுபது கிலோ போல் ஐஸ் இன்னும் மிச்சம் இருந்தது. சரிபார்த்தேன்.

சாப்பிடும்போது ஜெசிந்தா, அவளுடைய அம்மாவும் தலையில் கூடை வைத்து விற்றவள் என்றாள். வெயில் ஏறிவிட்டால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அடி வாங்குவாளாம். மீன் கெட்டதற்கு யாரையாவது அடிக்க வேண்டும் அல்லவா. சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள்.

ஏப்ரல் 21

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் எடை போட்டு முடித்ததும் டீ குடிக்க நடந்து போவது என்று முடிவெடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் வேலி தெரியும், நிம்மதியாக டீ குடிக்க முடியாது. அதனால் கோவிலுக்கு அப்பால் உள்ள கடை.

நான் வருவதற்குள் உருகிவிட்டால் நேரத்தை அவளே குறித்துவிட வேண்டும் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டாள்.

"மெதுவாத்தான் வருவேன். முதுகு."

திரும்பி வந்தபோது தட்டுகள் காலி. தரைகூடக் காய்ந்திருந்தது. இந்த ஊர் வெயில் அப்படி.

ஏப்ரல் 22

விரைவாக உருகிவிட்டது. டீக்கடையில் பேப்பர் முழுவதும் படிக்க முடிகிறது.

மே 3

மதுரையிலிருந்து மனைவி பேசினாள். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம். ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று தெரிந்தால் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யலாம் என்கிறாள். துறைதான் சொல்ல வேண்டும் என்றேன். துறையிடம் கேளுங்கள் என்றாள். கேட்டால் சொல்லமாட்டார்கள், கேட்காமல் இருந்தால் சொல்லக்கூடும் என்றேன். பதினொரு வருடமாக இதே பதிலைச் சொல்லிவருகிறேன். அவள் இதை ஒரு வியாதியின் பெயரைக் கேட்பது போல் கேட்டுக்கொள்கிறாள்.

நேற்று ராமநாதபுரம் போனேன். மார்க்கெட்டில் ஓடைவலசை மீன் எங்கே என்று கேட்டு வாங்குகிறார்கள். விறைப்பாக, கண் வெளுக்காமல் இருக்கிறதாம். இதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை, காதில் விழுந்ததால் எழுதினேன். திரும்பும்போது பேருந்தில் ராக்கு தன் பக்கத்து இருக்கையிலிருந்து காலிக் கூடையை எடுத்து எனக்கு இடம் கொடுத்தாள். வழியெல்லாம் மருமகளைப் பற்றிப் பேசினாள். ஐஸைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 5

சான்றுகளை மொத்தமாக டெல்லிக்கு அனுப்பும் நாள். புரட்டிப் பார்த்தால், ஏப்ரல் இருபது வரை ஐஸ் உருகப் பிற்பகல் ஆகியிருக்கிறது. இருபத்தொன்றிலிருந்து முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கிறது. ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் தட்டு காலியான நேரத்தை உள்ளபடி எழுதிவைத்திருக்கிறாள்.

கடிகாரத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒரு நம்பரைப் பொய்யா எழுதினா அப்புறம் எந்த நம்பர் நிஜம்னு எனக்கே தெரியாமப் போயிரும் சார். எடையும் நான்தான் எழுதுறேன். அது என் தீசிஸ்."

ஐஸை யார் கொண்டுபோனார்கள் என்பதை மறைக்கத் தயார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்கத் தயாரில்லை. இப்படி ஒரு மனச்சாட்சியை நான் பார்த்ததில்லை. விதியைப் புரிந்துகொள்ளலாம், விதிமீறலைப் புரிந்துகொள்ளலாம். இது இரண்டிலும் சேரவில்லை.

ஐஸைக் கொண்டுபோனார்கள் என்று இந்த டைரியில் எழுதிவிட்டேன். அடிக்கலாம், ஆனால் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கம் அசிங்கமாக இருக்கும்.

அனுப்பிவிட்டோம். யாரும் படிக்கப்போவதில்லை.

மே 20

படித்துவிட்டார்கள்.

நிபுணர் ஒருவரின் குறிப்பு வந்திருக்கிறது. பெயர் இல்லை, ஆனால் வாக்கியங்களில் பட்டங்கள் தெரிகின்றன. அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி இயந்திரம் உற்பத்தி செய்யும் பனிக்கட்டி நிழலில் வைத்தும் அசாதாரண வேகத்தில் உருகுவதாகத் தரவுகள் காட்டுகின்றன. இப்பனிக்கட்டி மீன் பாதுகாப்புக்கு உகந்ததல்ல எனக் கருத இடமுள்ளது. கரியின் தரம் காரணமாக இருக்கலாம். அடுத்த கட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலவில்லை."

தண்ணீர் உறைந்தால் ஐஸ். ஐஸில் இரண்டு சாதி கிடையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள், அதற்கு மேலே படித்தவர்களுக்குத்தான் மறந்துவிடுகிறது.

மே 21

ஜெசிந்தா குறிப்பை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லிரலாம் சார். ஐஸ் உருகல, நாங்க குடுத்தோம்னு. அந்த மீனே சாட்சி. மெஷின் தப்பிச்சுரும்."

அவளுக்கு நிதானமாக விளக்கினேன். சொன்னால் அரசுச் சொத்தைக் கையாடிய வழக்கு, அவளுக்குப் படிப்பு போகும், எனக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஐஸ் மட்டமானது, இயந்திரம் போகும். நல்ல ஐஸைத் திருடினோம் அல்லது கெட்ட ஐஸைத் தயாரித்தோம். இரண்டில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அப்ப திருடினோம்னே சொல்லுவோம் சார். படிப்பு போனா வேற எங்கயாச்சும் படிச்சுக்கிறேன். மெஷின் போனா இவங்க வேற எங்க போவாங்க?"

இளம் வயதில் ஒருமை பன்மை இரண்டையும் இப்படித் துணிச்சலாகப் பயன்படுத்த முடிகிறது. இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம், யோசிப்போம் என்றேன்.

மாலையில் மதிப்பீட்டுக் குழுத் தலைவர் பேராசிரியர் துரைக்கண்ணுவுக்குப் போன் செய்தேன். பொதுவாகப் பேசினோம்.

மே 30

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஜூன் ஒன்பதாம் தேதி குழு வருகிறது. ஊரிலேயே நல்ல சமையல்காரர் யார் என்று விசாரிக்கிறேன்.

ஜூன் 9

விவரமாக எழுத வேண்டும்.

குழுவில் மூன்று பேர். துரைக்கண்ணு, துறையிலிருந்து ஓர் அதிகாரி, நிதிப் பிரிவிலிருந்து ஒருவர். முற்பகலில் வந்து ஐஸ் எங்கே என்றார்கள். ஐஸ் விடியற்காலையில் இருக்கும் என்றேன். இயந்திரத்தின் நேரத்தைப் பார்வையாளர்களுக்கு ஏற்ப மாற்ற முடியாதா என்று அதிகாரி கேட்டார். சூரியனைக் கலந்து பேச வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். சொன்னது அவருக்குப் புரிவதற்குள் சாப்பாட்டுக்கு அழைத்தேன்.

கொட்டகையில் இலை போட்டோம். சீலா மீன் வறுவல், நண்டு. ராக்குவே கொண்டுவந்து இறக்கி, சமையலுக்கும் கூட நின்றாள். துரைக்கண்ணு நாக்கு ருசி அறிந்தவர். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, சென்னையில் என்ன விலை கொடுத்தாலும் இந்த மாதிரி மீன் கிடையாது, இன்று காலையில் பிடித்ததா என்று ராக்குவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிதிப் பிரிவுக்காரருக்கு ரசம் பரிமாறச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். துரைக்கண்ணு நிபுணர் குறிப்பைப் படித்தார். ஐஸ் ஏன் வேகமாக உருகுகிறது, திட்ட விஞ்ஞானி விளக்க வேண்டும் என்றார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

"அது உருகல சார். நாங்க இந்த ஊருப் பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டோம். இப்ப நீங்க சாப்பிட்ட மீனு முந்தாநேத்து புடிச்சது. அந்த ஐஸ்லதான் இருந்துச்சு."

அதிகாரி தன் வயிற்றைப் பார்த்தார். ராக்கு பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். துரைக்கண்ணு கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர், எல்லோரும் சொல்வார்கள். வெற்றிலையை மடித்தபடியே பேசினார்.

"அம்மா, இங்க பாரு. நீ இப்ப சொன்னது எனக்குக் காதுல விழல. விழுந்தா நான் எழுதணும். எழுதினா விஜிலன்ஸ் வரும். உன் படிப்பு போகும், இவர் வேலை போகும், நான் வயசான காலத்துல கோர்ட்டுக்கு அலையணும். யாருக்கும் நல்லதில்ல. அதனால விழல."

"விழுந்தா மெஷின் நல்ல மெஷின்னும் எழுதலாமே சார்."

"அதுக்குத் தரவு வேணும்மா. மீனைத் தின்னுட்டு மார்க் போட முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சிகாமணி, நீங்க போன்ல என்ன சொன்னீங்க? பதிவுல பிழைன்னுதானே?"

வெயில் அதிகம், பதிவு செய்யும்போது கவனம் சிதற வாய்ப்பு உண்டு என்றேன். வெயில் அதிகம்தான்.

"யார் பதிவு?"

அளவிட்டவர் என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. அளவிட்டவர் யார் என்பது சான்றிலேயே இருக்கிறது.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "நீங்க சரிபார்த்தீங்கல்ல சார்?"

டீ குடிக்கப் போயிருந்தேன் என்றேன். மூவரும் சிரித்தார்கள். கூட்டத்தில் இறுக்கம் தளர்ந்தது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை, டீ குடிக்கத்தான் போயிருந்தேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ராக்கு பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு, மிச்சமிருந்த மீனைத் தன் கூடையிலேயே எடுத்துப்போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 10

பேப்பரில் ஒன்றுமில்லை.

ஜூன் 27

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. மூன்றாவது வழி என்று நான் நினைத்தது இதுதான்: பிழை அவளுடைய கைக்கடிகாரத்தோடு நின்றுவிடும், ஐஸ் நல்ல ஐஸ் ஆகிவிடும், இயந்திரம் தங்கும், அவளுக்குச் சின்னதாக ஓர் எச்சரிக்கை, அத்தோடு முடியும். நியாயமான கணக்கு.

நேரத்தைத் தவறாக எழுதியவர் எடையையும் தவறாக எழுதியிருக்கக்கூடும் என்று குழு கருதுகிறது. ஆகவே அளவிட்டவரின் தரவுகள் அனைத்தும், முந்தைய ஆண்டுகளுடையவை உட்பட, நிராகரிக்கப்படுகின்றன. இயந்திரம் தேறவில்லை, தோற்கவும் இல்லை. அதன் திறன் "நிறுவப்படவில்லை". தகுந்த கண்காணிப்பில் மறுமதிப்பீடு செய்வதற்காகச் சென்னையில் உள்ள தலைமை வளாகத்துக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு மூன்று ஆண்டுகள். அதுவரை திட்ட விஞ்ஞானியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது.

மனைவிக்குப் போன் செய்தேன். அழுதாள், சந்தோஷத்தில்.

ஜெசிந்தா குறிப்பை வாங்கிப் படித்தாள். நான்கு வருட எடை என்றாள். வேறு தலைப்பில் பதிவு செய்துகொள்ளலாம், நான் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றேன். "யார்கிட்ட சார் குடுக்கணும் அதை?" என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே விவரம் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29

ஜெசிந்தா காலைப் பேருந்தில் ஊருக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிவிட ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் போனார்கள். நான் போவதற்குள் பேருந்து எடுத்துவிட்டார்கள். சரியான நேரத்துக்கு இந்தப் பேருந்து புறப்பட்டு நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

ஜூலை 18

லாரி வந்தது. கண்ணாடிகளை வைக்கோல் வைத்துக் கட்டினோம். தட்டுகளைத் தனியாக எண்ணிக் கையெழுத்து வாங்கினார்கள்.

ராக்கு வேலியைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். வேலி இனி எதற்கு என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்பத் திருப்பிக் கொண்டாருவீக?"

மூன்று வருடம் ஆகலாம் என்றேன்.

"அதுவரைக்கும் மீனைக் கடல்லயே வச்சிருக்கச் சொல்லவா சார்?"

அங்கே பரிசோதித்து, நல்லது என்று நிரூபணமானால் பத்து ஊருக்கு வரும் என்று சொன்னேன். நல்லதுதான் என்று அவளுக்குத் தெரியும் என்றாள். அவளுக்குத் தெரிந்தால் போதாது என்றேன். உங்களுக்குத் தெரியாதா என்றாள். லாரிக்காரர் சாவி கேட்டார், போய்விட்டேன்.

நவம்பர் 12, சென்னை

மழை. பெட்டிகளை வளாகத்தின் பின்பக்கம், நூலகக் கட்டிடத்தின் நிழலில் வைத்திருக்கிறார்கள். வெயில் படும் இடம் வாகன நிறுத்தத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. போதாததற்கு வழியில் எங்கேயோ ஒரு பற்றவைப்பு விட்டு உள்ளே காற்று புகுந்துவிட்டது. வெற்றிடம் போய்விட்டதால் தண்ணீர் உறைவதில்லை.

இருந்தும் ஆய்வு ஒழுங்காக நடக்கிறது. காலையில் எடை போடுகிறோம்: இல்லை. உருகியது: இல்லை. இரண்டு பேர் கையெழுத்திடுகிறோம். புதிய உதவியாளர் மிகவும் கவனமானவர். இந்தக் காலாண்டின் தரவுகளில் எந்த முரண்பாடும் இல்லை என்று துறை பாராட்டி எழுதியிருக்கிறது. அதே நிபுணராகத்தான் இருக்க வேண்டும், நடை தெரிகிறது.

காற்று புகுந்ததை ஆராயத் தனியாக ஒரு துணைத்திட்டம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்புவேன்.

ஏப்ரல் 24

ஓடைவலசைக்குப் போய் மதுரை வந்து சேர்ந்தேன். இடத்தைப் பழைய நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஒப்பந்தக்காரரை வைத்துச் சிமெண்ட் மேடையை உடைத்தோம். பழைய நிலை என்ன என்று கோப்பில் பார்த்தால், "சீமைக் கருவேல முட்செடிகள்" என்று இருக்கிறது. அதற்கு நாங்கள் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. தானாகவே வந்திருந்தது.

மறுபடியும் தடைக்காலம். ஐஸ் கம்பெனி பூட்டியிருக்கிறது. கரையில் பெண்கள் சாக்கை நனைத்து மீனை மூடிக்கொண்டு பேருந்துக்கு நிற்கிறார்கள். ராக்கு என்னைத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை, தெரியாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கிலோ சீலா கேட்டேன். மற்றவர்களுக்குச் சொன்ன விலையையே சொன்னாள்.

ஜெசிந்தா எப்படி இருக்கிறாள் தெரியுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பேசும். அவுக ஊர்ல புள்ளைகளுக்கு டியூசன் எடுக்குதாம்."

"என்னப் பத்தி ஏதும் கேட்டாளா?"

"இல்ல சார்." மீனைப் பையில் போட்டு முடிந்தாள். "அது நல்ல புள்ள."

பேருந்து தாமதம். பரமக்குடி வருவதற்குள் முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மானாமதுரையில் நடத்துநர் பையைக் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளச் சொன்னார்.

வீட்டில் மனைவி பையைப் பிரித்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரலால் ஒரு துண்டை அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து கொண்டு வர்றீங்க. கொஞ்சம் ஐஸ் போட்டு வாங்கக் கூடாதா?"

அங்கே ஐஸ் கிடைக்கவில்லை என்றேன்.

"அஞ்சு வருஷமா அங்க என்னதான் பண்ணீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பையைத் திரும்பக் கட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். இதையே துறை கேட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருப்பேன்.

மீனைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.